சாறு மட்டும் போதாது: கடற்பாசிப் பூஞ்சைகளும் நம் ஆய்வுக்கூடங்களும்

வெள்ளகோவில், முத்தூர், காங்கயம் வட்டாரத்தில் கொப்பரைக் களம் வைத்திருப்பவர்களுக்குப் பூசணத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஐப்பசி அடைமழையில் இரண்டு நாள் வெயில் தவறினால் போதும். உடைத்துப் போட்ட தேங்காயின் உட்குழிவில் மஞ்சள் கலந்த பச்சையில் அது ஏறிவிடும், ஏலத்தில் விலை இறங்கிவிடும். இந்தப் பூசணத்தில் பெரும்பங்கு ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. அதில் ஒன்றான ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் கொப்பரையிலும் கடலைக்காயிலும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து தீவனத்துக்கு வந்த கடலைப் பிண்ணாக்கைச் சோதித்தபோதுதான் அந்த நஞ்சு பிடிபட்டது. மனிதருக்கு ஈரல் புற்றுநோய் தரவல்லது என்று பிறகு உறுதியானது. அதே பேரினத்தைச் சேர்ந்த ஆஸ்பெர்ஜில்லஸ் டெர்ரியஸ் தரும் லோவாஸ்டாட்டின் 1987 முதல் கொழுப்பைக் குறைக்கும் மருந்தாக அமெரிக்காவில் விற்கப்படுகிறது. ஒரு குடும்பம், ஒரு கையில் நஞ்சு, மறு கையில் மருந்து. கடலே இல்லாத கொங்கு நாட்டில் உட்கார்ந்து கடற்பாசியைப் பற்றி எழுத இதுவே காரணம். மண்டபம் கரையில் பறித்த கடற்பாசியை நறுக்கி உள்ளே என்ன வாழ்கிறது என்று பார்த்தாலும் அடிக்கடி தட்டுப்படுவது இதே ஆஸ்பெர்ஜில்லஸ்தான்.

கடற்பாசி நமக்குப் புதிய பொருள் அல்ல. மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றியுள்ள ஆழமற்ற நீரில் பாம்பன், ராமேஸ்வரம் பகுதிப் பெண்கள் தலைமுறைகளாக மூழ்கிக் கட்டக்கோரையும் மரிக்கொழுந்தும் கஞ்சிப் பாசியும் பறிக்கிறார்கள். அவை அகர், ஆல்ஜினேட் ஆலைகளுக்குப் போகின்றன. அறிவியல் நோக்கில் பார்த்தால், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் 1927இலேயே குருசடைத் தீவின் பாசிகளைப் பற்றி எழுதினார். ஆனால் பாசியின் உடலுக்குள், அதற்கு வெளிப்படையான நோய் எதுவும் தராமல், பூஞ்சைகள் குடியிருக்கின்றன என்பதைத் தமிழகக் கரையில் முறையாகத் தேடிப் பார்த்தது மிகப் பின்னால்தான். சென்னை ராமகிருஷ்ணா மிஷன் வித்யாபீடத்தில் உள்ள விவேகானந்தா வெப்பமண்டலப் பூஞ்சையியல் நிறுவனத்தின் டி.எஸ். சூரியநாராயணனும் அவருடைய குழுவினரும், ஐ.ஐ.டி. மெட்ராஸின் முகேஷ் டோப்ளேயுடன் சேர்ந்து, தமிழகக் கரையின் 25 கடற்பாசிகளிலிருந்து இந்த உட்பூஞ்சைகளைப் பிரித்தெடுத்து 2010இல் ‘பொட்டானிகா மரீனா’ இதழில் வெளியிட்டார்கள். பச்சை, சிவப்புப் பாசிகளைவிடப் பழுப்புப் பாசிகளில் பூஞ்சைகளின் வகை அதிகம் என்றும், அவற்றில் பலவற்றின் சாறு பிற பூஞ்சைகளையோ பாசிகளையோ பூச்சிகளையோ ஒடுக்குகிறது என்றும் அந்த ஆய்வு காட்டியது.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வலிமையும் பலவீனமும் அங்கேதான் இருக்கின்றன. பாசியைக் கடல்நீரில் அலசி அரைச் சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுவார்கள். மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் வித்துகளைக் கொல்லத் துண்டுகளைச் சில நொடிகள் எத்தனாலிலும் பிறகு சோடியம் ஹைப்போகுளோரைட்டிலும் முக்கியெடுத்து, கிருமி நீக்கிய நீரில் கழுவுவார்கள். வேப்பிலைக்கு இருப்பதுபோல மெழுகுத் தோல் பாசிக்குக் கிடையாது. நேரம் குறைந்தால் வெளிவித்து தப்பிவிடும். கூடினால் உள்ளே இருப்பதும் செத்துவிடும். சுத்தம் சரியாக நடந்ததா என்று அறிய, கழுவிய துண்டை வெறும் ஊடகத்தின்மேல் அழுத்தி எடுத்துவிடுவார்கள். அந்தத் தடத்தில் ஒன்றும் முளைக்காவிட்டால்தான் பிறகு முளைப்பது உள்ளிருந்து வந்தது என்று சொல்ல முடியும். அதற்குப் பின் துண்டுகளை உருளைக்கிழங்கும் சர்க்கரையும் கலந்த அகரில், பாக்டீரியாவைத் தடுக்கும் மருந்து சேர்த்து, வரிசையாக வைப்பார்கள். சில நாட்களில் ஓரத்திலிருந்து வெள்ளை நூல் கிளம்பும். பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டிய இந்த வேலையில் நம் ஆய்வாளர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர்.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. முளைத்த பூஞ்சையைத் திரவ ஊடகத்தில் வாரக்கணக்கில் வளர்த்து, வடிகட்டி, எத்தில் அசிட்டேட்டில் குலுக்கி, கரைப்பானை ஆவியாக்கினால் குடுவையின் அடியில் பழுப்பாய்ப் பிசுபிசுப்பான சாறு நிற்கும். அதை ஒரு வட்டத் தாளில் நனைத்துப் பாக்டீரியாத் தட்டில் வைத்தால் சுற்றிலும் தெளிந்த வளையம் விழும். வளையத்தை மில்லிமீட்டரில் அளந்து, சாற்றை வாயுவண்ணப் பகுப்புக் கருவியில் ஏற்றி, கணினி நூலகம் சொல்லும் இருபது முப்பது பெயர்களை அட்டவணையாக்கி, ‘கடற்பாசிப் பூஞ்சையில் மருந்துப் பொருட்கள்’ என்று முடித்துவிடும் கட்டுரைகள் நாடு முழுவதும் குவிந்துவிட்டன. அந்த அட்டவணைகளில் தவறாமல் இடம்பெறும் ஹெக்ஸாடெகனாயிக் அமிலம் என்பது பாமிட்டிக் அமிலம்தான். காங்கயத்துச் செக்கில் ஆட்டும் தேங்காய் எண்ணெயிலும் அது உண்டு. சில அட்டவணைகளில் தாலேட்டுகளும் இயற்கைப் பொருளாக எழுந்தருளியிருக்கும். பெரும்பாலும் அவை பிளாஸ்டிக் குழாயிலிருந்து கசிந்தவை. அந்தக் கருவி ஆவியாகக்கூடிய சிறு மூலக்கூறுகளை மட்டுமே பார்க்கும். கனமான, வினோதமான, மருந்தாகக்கூடிய மூலக்கூறுகள் பலவும் அதன் கண்ணில் படவே படா. நான் இங்கே வாதிடுவது ஒன்றைத்தான். கடற்பாசிப் பூஞ்சை ஆய்வின் விளைபொருள் அந்தச் சாறு அல்ல. பெயரும் எண்ணும் பெற்று, யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கக்கூடிய நிலையில் உயிரோடு இருக்கும் பூஞ்சைதான். சாற்றின் வளையம் வெறும் தொடக்கக் குறிப்பு. நாம் குறிப்பை வைத்துக்கொண்டு உயிரைத் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு மிகச் சிறந்த சான்று கடலிலிருந்தே வந்திருக்கிறது. இத்தாலியின் சார்டீனியாத் தீவில், காலியாரி நகரின் கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்திலிருந்து, 1945இல் ஜுசெப்பே புரோட்சு என்ற மருத்துவப் பேராசிரியர் ஒரு பூஞ்சையைப் பிரித்தார். அதன் சாறு டைஃபாய்டு கிருமியை ஒடுக்கியது. அவர் செய்ததும் ஏறத்தாழ இன்று நம் கல்லூரிகளில் செய்வதுதான்: சாறு, வளையம், 1948இல் உள்ளூர் வெளியீட்டில் ஒரு கட்டுரை. அது அங்கேயே நின்றிருந்தால் இன்று அவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் உயிருள்ள பூஞ்சையை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பினார். அங்கே ஆபிரகாமும் நியூட்டனும் அதைப் பிரித்துப் பார்த்தபோது ஒன்றல்ல, மூன்று வெவ்வேறு வகைப் பொருட்கள் இருந்தன. புரோட்சு கண்ட வேலைத்திறனில் பெரும்பகுதி பெனிசிலின் வகையைச் சேர்ந்த ஒன்றால் வந்தது. மருத்துவ உலகை மாற்றிய செஃபலோஸ்போரின் சி சொற்ப அளவில் ஒளிந்துகிடந்தது. அதைப் பற்றிய அறிவிப்பு 1955இல்தான் வந்தது. 1964இல் முதல் செஃபலோஸ்போரின் மருந்து விற்பனைக்கு வந்தது. இன்று வெள்ளகோவில் மருந்துக் கடையில் சளிக்காய்ச்சலுக்கு வாங்கும் செஃபிக்சிம் மாத்திரை அந்தப் பரம்பரைதான். 1948இல் எந்தத் தேர்ந்த கண்ணும் அந்த வளையத்தைப் பார்த்து செஃபலோஸ்போரின் சியைக் கண்டுபிடித்திருக்க முடியாது. பூஞ்சை உயிரோடு கைமாறியதால் மட்டுமே பிறரால் மீண்டும் மீண்டும் அதைக் கேட்க முடிந்தது.

இதன் மறுபக்கத்தையும் கடற்பாசியே காட்டியிருக்கிறது. பஹாமாஸ் தீவுகளில் ரோசன்விஞ்ஜியா என்ற பழுப்புப் பாசியின் மேற்பரப்பிலிருந்து எடுத்த பூஞ்சையை அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் வில்லியம் ஃபெனிக்கல் குழுவினர் தனியாக வளர்த்தபோது அது ஒன்றும் பெரிதாகத் தரவில்லை. ஒரு கடல் பாக்டீரியாவோடு சேர்த்து வளர்த்ததும் பெஸ்டலோன் என்ற புதிய பொருளைச் சுரந்தது. 2001இல் வெளியான அறிக்கை, பல மருந்துகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியை ஒரு மில்லிலிட்டருக்கு 37 நானோகிராம் அளவிலேயே அது தடுப்பதாகச் சொன்னது. பத்தாண்டுகளுக்கு மேலாக மேற்கோள் காட்டப்பட்ட எண் இது. பொருள் கிடைப்பதே அரிதாக இருந்ததால் யாரும் மறுபடி சோதிக்கவில்லை. ஜெர்மனியில் ஒரு குழு 2010இல் அதைச் செயற்கையாகத் தயாரித்துவிட்ட பிறகு, இரண்டு ஆய்வகங்கள் தனித்தனியாகச் சோதித்தன. கிடைத்தது 3 முதல் 10 மைக்ரோகிராம். அதாவது முன்பு சொன்னதைவிட ஏறக்குறைய 80 முதல் 270 மடங்கு பலவீனம். 2013இல் இதை அச்சில் சொன்னார்கள். யாரையும் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. உலகின் தலைசிறந்த ஆய்வகத்தில், தூய்மையாக்கிய, கட்டமைப்பு தெரிந்த ஒரு மூலக்கூறுக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத சாறு பதிக்கும் 14 மில்லிமீட்டர் வளையத்தை நம்பி என்ன முடிவு சொல்ல முடியும்?

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் எல்லாம் நிலத்துப் பூஞ்சைகள். காற்றிலும் ஆற்றுநீரிலும் அடித்து வந்த வித்துகள் பாசியில் மாட்டிக்கொண்டிருக்கலாம். இதில் கடலுக்கு என்ன பங்கு? ஜப்பானின் அகிரா எண்டோ ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சலித்து 1970களில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகையில் முதலாவதைக் கண்டெடுத்தது, கியோட்டோவின் அரிசிக் கடை ஒன்றிலிருந்து எடுத்த பெனிசிலியத்தில்தான். அரிசிக் கடையில் கிடைப்பதற்கு எதற்குக் கடலில் மூழ்க வேண்டும்? காங்கயத்து அரிசி ஆலைகளைச் சுற்றினால் போதாதா? கேள்வி நியாயமானது, பாதி உண்மையும்கூட. உருளைக்கிழங்கு அகரில் முளைப்பவை உருளைக்கிழங்கு அகருக்குப் பொருந்தியவை. பாசியின் உண்மையான குடிகள் வேறு ஆட்களாக இருக்கலாம். வட அட்லாண்டிக் கரையில் அஸ்கோஃபில்லம் என்ற பழுப்புப் பாசியோடு மைகோஃபைசியாஸ் என்ற பூஞ்சை வாழ்நாள் முழுவதும் பிரியாமல் வாழ்கிறது. அதுதான் பாசி–பூஞ்சை உறவுக்கு மாசற்ற உதாரணம். அத்தகைய ஒட்டுறவு உள்ளவை தட்டில் எளிதாக முளைப்பதில்லை. ஆகவே நம் பட்டியல்களில் ஆஸ்பெர்ஜில்லஸ் நிறைந்திருப்பது மன்னார் வளைகுடாவைப் பற்றிச் சொல்வதைவிட, நாம் சமைத்த ஊடகத்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்கிறது.

ஆனாலும் மறுப்பு முழுமையாக வெல்லவில்லை. பூர்வீகம் நிலமாக இருந்தாலும், உப்புநீரில், பழுப்புப் பாசியின் கசப்பான ஃபுளோரோடானின்களுக்கு நடுவே உயிரோடிருக்கும் பூஞ்சை அதற்கான வேதியியலை வைத்திருக்கத்தான் வேண்டும். அது எந்த வேதியியல் என்பதுதான் கேள்வி. ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலான்ஸின் மரபணுத் தொகுதி 2005இல் வெளியானபோது ஒரு வியப்பு காத்திருந்தது: ஆய்வகத்தில் அது சுரக்கும் பொருட்களைவிட, சுரக்கக்கூடியவற்றுக்கான மரபணுக் கூட்டங்கள் எத்தனையோ மடங்கு அதிகம். பெரும்பாலானவை உறங்குகின்றன. ஜெர்மனியின் யேனா நகர ஆய்வாளர்கள் 2009இல் 58 மண் பாக்டீரியாக்களை ஒவ்வொன்றாக அந்தப் பூஞ்சையோடு வளர்த்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு பாக்டீரியா மட்டும், அதுவும் பூஞ்சை நூலைத் தொட்டபோது மட்டும், உறங்கிய கூட்டம் ஒன்றை எழுப்பியது. பெஸ்டலோனின் எண் பொய்த்தது. ஆனால் சேர்த்து வளர்த்தால்தான் அது சுரந்தது என்ற செய்தி பொய்க்கவில்லை. நாம் செய்வதோ, பாசியிலிருந்து பூஞ்சையைப் பிரித்து, அண்டை வீட்டாரை எல்லாம் மருந்து ஊற்றிக் கொன்று, சர்க்கரைத் தண்ணீரில் தனியே விட்டு, ‘இப்போது பேசு’ என்று கேட்பது. பூஞ்சையின் பேச்சு பாசியோடும் பாக்டீரியாவோடும் நடந்த பேச்சு. அதைக் கேட்க வேண்டுமானால் கட்டக்கோரைத் தூளைச் சேர்த்த ஊடகம், கடல்நீர், உடன்வாழும் பாக்டீரியா ஆகியவற்றோடு சேர்த்து வளர்த்துப் பார்க்க வேண்டும். சூரியநாராயணன் 2013இல் ‘ஃபங்கல் ஈக்காலஜி’ இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே, உட்பூஞ்சை ஆய்வு பிரித்தெடுப்பதையும் பொருட்களைப் பட்டியலிடுவதையும் தாண்டிப் போக வேண்டும் என்பதுதான். தமிழகக் கரையில் இந்தத் துறையை நடத்தியவரே சொன்னது இது. பட்டியல்கள் அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

மருந்து எங்கே வந்தது என்று கேட்பவர்களும் உண்டு. பாசிப் பூஞ்சையிலிருந்து மருத்துவச் சோதனையில் வெகுதூரம் வந்தது பிளினாபுலின். ஹலிமெடா என்ற பச்சைப் பாசியிலிருந்து எடுத்த ஆஸ்பெர்ஜில்லஸ் தந்த ஹலிமைடு என்ற மூலக்கூறை ஒட்டி வேதியியலர்கள் செய்த பொருள் அது. ஜப்பானில் வேறொரு குழு ஆஸ்பெர்ஜில்லஸ் உஸ்டஸில் அதே மூலக்கூறைக் கண்டு 1997இல் வேறு பெயரில் வெளியிட்டிருந்தது என்பது, கடலுக்கு என்ன பங்கு என்று முன்பு எழுந்த மறுப்புக்கு இன்னொரு சாட்சி. புற்றுநோய்ச் சிகிச்சையில் வெள்ளையணுக்கள் குறைவதைத் தடுக்க அதை அனுமதிக்குமாறு கேட்டபோது, ஒரு சோதனை போதாது, இன்னொன்று வேண்டும் என்று 2021 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திருப்பி அனுப்பியது. ஆக, கணக்கு இன்னும் திறந்தே கிடக்கிறது. ஆனால் பயனை மருந்துக் கடையில் மட்டும் தேடுவது கொங்கு விவசாயிக்குப் பொருந்தாத பார்வை. ஊசியிலை மரக்காயில் வளரும் ஒரு சிறு காளானிலிருந்து 1977இல் ஸ்ட்ரோபிலுரினைப் பிரித்தார்கள். அதை மாதிரியாகக் கொண்டு உருவான அசாக்ஸிஸ்ட்ரோபின் 1996இல் சந்தைக்கு வந்தது. இன்று தக்காளிக்கும் மிளகாய்க்கும் அதைத் தெளிக்காத வட்டாரம் குறைவு. பிற பூஞ்சைகளை ஒடுக்க ஒரு பூஞ்சை கற்று வைத்திருந்த தந்திரம் அது. பாசிக்குள் இடநெருக்கடியில் வாழும் பூஞ்சைகளிடம் இப்படிப்பட்ட தந்திரம் இருக்க வாய்ப்பு அதிகம். 2010 ஆய்வு பூச்சி, பூஞ்சை எதிர்ப்புகளையும் சேர்த்துச் சோதித்தது புத்திசாலித்தனம். இன்னொரு நன்மையும் உண்டு. மூலக்கூறு பாசியுடையதாக இருந்தால் டன் கணக்கில் பறிக்க வேண்டும், பவளத்திட்டும் அங்கே பறித்துப் பிழைக்கும் பெண்களும் சேர்ந்து பாதிக்கப்படுவார்கள். பூஞ்சையுடையதாக இருந்தால் ஒரு கைப்பிடிப் பாசி போதும். மீதி நொதிகலனில் நடக்கும்.

கடைசி மறுப்பு பணத்தைப் பற்றியது: கோவை, ஈரோடு, திருச்செங்கோடு பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்தில் காந்தவொத்ததிர்வுக் கருவிக்கு எங்கே போவது, மரபணுத் தொகுதியை எப்படிப் படிப்பது என்பது. இதில் உண்மை இருக்கிறது. மூன்றாண்டு உதவித்தொகையில் மூலக்கூறின் கட்டமைப்பைத் தீர்த்துவிடு என்று ஒரு மாணவியிடம் கேட்பது அநியாயம். சென்னை ஐ.ஐ.டி.யின் பொதுக் கருவி மையத்தில் கட்டணம் செலுத்தி அளவிடலாம் என்றாலும், தூய பொருளைக் கையில் வைத்திருப்பவருக்கே அது பயன்படும். ஆனால் நான் கேட்பது அந்தச் செலவை அல்ல. புரோட்சுவிடமும் கருவி இல்லை. அவரிடம் இருந்தது சாகாத ஒரு வளர்ப்பும் அதை இன்னொருவர் கையில் கொடுக்கும் மனதும். நம்மிடம் இரண்டுக்கும் ஏற்பாடு இருக்கிறது: புணேயின் அகார்க்கர் ஆய்வு நிறுவனத்தில் தேசியப் பூஞ்சை வளர்ப்புச் சேகரம்; சண்டிகரில் எம்.டி.சி.சி. என்ற நுண்ணுயிர்ச் சேகரம், 2002 முதல் புடாபெஸ்ட் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச அங்கீகாரம் பெற்றது. வெளிநாட்டார் கொண்டுபோய்விடுவார்களோ என்ற அச்சத்துக்கு 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம் இருக்கிறது. நுண்ணுயிரும் அதன் வரம்புக்குள்தான். அதை நிர்வகிக்கும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஆய்வகத்தில் மாணவி பட்டம் பெற்றுப் போனதும் குளிர்பெட்டியில் காய்ந்து சாகும் சாய்வுக் குழாய்தான் உண்மையான களவு. அதை எந்த வெளிநாட்டவரும் செய்யவில்லை.

ஆகவே பல்கலைக்கழகங்களிடமும் நம் அறிவியல் இதழ்களிடமும் வைக்க ஒரு கோரிக்கை மட்டும் உண்டு. வளையத்தின் அளவையும் அட்டவணையின் நீளத்தையும் பார்த்து மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள். எந்தப் பாசி, எந்தக் கரை, எந்த மாதம் என்ற விவரத்தோடு, புணேயிலோ சண்டிகரிலோ பூஞ்சையை உயிரோடு ஒப்படைத்ததற்கான சேகர எண் முதல் பக்கத்தில் இல்லையென்றால், அந்த ஆய்வேட்டைப் படிக்காமலே திருப்பி அனுப்புங்கள்.